ஒரே பெயரில் இரண்டு பெட்டி

நகரியில் நெசவுத் தெருவில் இருக்கும் நாகபூஷணத்தின் வீட்டுக் கூடத்தில், நட்ட நடுவே ஒரு சுவர் நிற்கிறது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது எழுந்த சுவர் அது. கோபத்தில் கட்டிய சுவர் என்பதால் அவசரத்தில் கட்டியது. ஒற்றைக் கல் கனம்தான். மேலே கூரைக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அதை அப்புறம் வந்து அடைத்துத் தருகிறேன் என்று போன மேஸ்திரி போனவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜலதோஷம் பிடித்துவிடும் என்று நாகபூஷணத்தின் மனைவி பத்மாவதி கேலி செய்வாள்.

பாகம் பிரித்த அன்று எதையும் விட்டுவைக்கவில்லை. விசைத்தறிகளைப் பிரித்தார்கள், அண்டா குண்டாவைப் பிரித்தார்கள், கொல்லை எலுமிச்சை மரத்தில் எந்தக் கிளைக் காய் யாருக்கு என்பது வரைக்கும் பேசித் தீர்த்தார்கள். தெருப்பக்கத்து அறை யாருக்கு என்ற இடத்தில் வார்த்தை தடித்துவிட்டது. புத்தூரிலிருந்து வந்திருந்த தாய்மாமனும் தெருப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்க, நாகபூஷணம் தம்பியைப் பார்த்து, "உனக்கு சோறு போட்டு ஆளாக்குனதே நான்தாண்டா" என்று சொல்லிவிட்டார். தம்பியின் சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டதால் அது உண்மைதான். ஆனால் உண்மை என்பதற்காக எல்லாவற்றையும் நாலு பேர் முன்னால் சொல்லிவிட முடியுமா? தம்பி கன்னையா தெருப்பக்கத்து அறையை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

பிரிக்க மறந்துபோன ஒரே சாமான், கேபிள். கன்னையாவுக்குக் கல்யாணம் ஆகி அவன் அறைக்கென்று தனி டிவி வந்த காலத்தில், கேபிள்காரர் ஹரிபாபு, "அந்தா ஒகே இல்லு கதா, எல்லாம் ஒரே வீடுதானே" என்று சொல்லி இரண்டாவது டிவிக்கான கேபிள் பெட்டியையும் அண்ணன் பெயரிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். வீடு இரண்டாகியும் பெயர் ஒன்றாகவே இருந்தது. மாதா மாதம் இந்த வாசலில் பாதியும் அந்த வாசலில் பாதியும் வாங்கிக்கொண்டு போவார். அதில் யாருக்கும் யாரோடும் பேச வேண்டிய தேவை வரவில்லை.

பேச்சு இல்லையே தவிர, வேறு ஒன்று இருந்தது. அதை நாகபூஷணம் யாரிடமும் சொன்னதில்லை. சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு, கை கால் கழுவி, கூடத்தில் உட்கார்ந்து அவர் ஒரு சேனலை வைப்பார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமும் அதே சேனல் வந்துவிடும். அவர் செய்தியிலிருந்து சினிமாவுக்கு மாற்றினால் அந்தப் பக்கமும் தடுமாறித் தடுமாறி, விளம்பரம், தெலுங்குப் பாட்டு, சமையல் என்று இரண்டு மூன்று சேனல்களைத் தாண்டி அதே சினிமாவுக்கு வந்து நிற்கும். முதலில் தற்செயல் என்று நினைத்தார். அப்புறம் வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் பார்த்தார். எங்கே போனாலும் தம்பி பின்னாலேயே வந்தான். சின்ன வயதில் தேர் பார்க்கப் போனால் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வருவானே, அப்படி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு தமிழ்ச் சேனலில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் போடுவார்கள். நகைச்சுவைக் காட்சி வந்தால் நாகபூஷணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அதே நொடியில் சுவருக்கு அப்பால் கன்னையாவும் சிரிப்பான். ஒரு படம், ஒரு சிரிப்பு, நடுவில் ஒரு சுவர். தெருவில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இரண்டு பேர் வாரம் தவறாமல் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாகபூஷணத்துக்கு அது போதுமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் மகள் உதயா வந்து டிவி விஷயத்தை எடுத்தாள். ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் வேலை. திருப்பதியில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்றைத் திருத்தாமல் போகமாட்டாள்.

"நைனா, இன்னும் இந்த டப்பாவ வெச்சிகினு எத்தினி நாளைக்கு மாரடிப்ப? மழ வந்தா போய்டுது, காத்தடிச்சா போய்டுது. தமிழ் சேனல் வேணும்னா தனியா கேட்டு வாங்கணும். நெட்டு போட்டா எல்லாம் அதுலயே வந்துடும்."

"கரென்ட் போனா உன் நெட்டும்தான் போவும்."

"கேபிள் மட்டும் இன்னா, மண்ணெண்ணெயிலயா ஓடுது?"

பத்மாவதி மகள் பக்கம். அவள் தொடர் பார்க்கும் நேரமும் தறிக்கு நூல் தார் சுற்றும் நேரமும் ஒன்றாக வந்து தொலைக்கும். ஒரு நாள் பார்த்தால் இரண்டு நாள் விட்டுப்போகும். "நமக்கு எப்போ கை ஒழியுதோ அப்போ போட்டு பாத்துக்கலாமாமே. வெளம்பரமும் கெடையாதாம்" என்றாள்.

"லோக்கல் சேனல்ல எந்தத் தெருவுல கரென்ட் கட்டு, யார் வூட்ல சாவு, எல்லாம் எழுத்துல ஓடும். அது உன் நெட்ல வருமா?" என்று நாகபூஷணம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"அதெல்லாம் வாட்ஸப்ல மொதல்லயே வந்துடுது நைனா."

ஒவ்வொன்றாக எல்லாம் விழுந்துவிட்டது. தராசில் கேபிள் தட்டு காற்றில் பறந்தது. அதைக் கீழே இறக்கக்கூடிய ஒரே எடைக்கல் அவரிடம் இருந்தது. ஆனால் அதை எடுத்து எப்படி வைப்பது? பேசாத தம்பி சிரிப்பதைக் கேட்பதற்காக எனக்குக் கேபிள் வேண்டும் என்று பெற்ற மகளிடம் சொல்ல முடியுமா? சரி, போடு என்றார்.

இணையம் வந்தது, புது டிவியும் வந்தது. வந்தது நன்றாகவே இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். படம் பளிச்சென்று தெரிந்தது. பாதியில் வாசலில் யாராவது கூப்பிட்டால் நிறுத்திவிட்டுப் போய்ப் பேசிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்க முடிந்தது. பத்மாவதி ஒரே வாரத்தில் பழைய பாக்கி அத்தியாயங்களை எல்லாம் பார்த்து முடித்து, தெருப் பெண்களுக்குக் கதை சொல்லும் அளவுக்கு உயர்ந்துவிட்டாள்.

நாகபூஷணம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே தமிழ்ச் சேனலை இணையத்தின் வழியே வைத்து உட்கார்ந்தார். அதே படம்தான் ஓடியது. ஆனால் அந்தப் பக்கம் கன்னையா சிரித்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இந்தப் பக்கம் நகைச்சுவையே வந்தது. இணையத்தில் வருவது சற்றுப் பிந்தித்தான் வரும் என்று உதயா போனில் சொன்னாள். தம்பி சிரிக்கும்போது இவருக்குச் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. இவர் சிரிக்கும்போது தம்பி அடுத்த காட்சிக்குப் போய்விட்டிருந்தான். எழுந்துபோய்ப் பழைய பெட்டியைத் திரும்பவும் மாட்டக் கையில் எடுத்தார்.

"அந்த டப்பாவ எதுக்கு எடுக்கறீங்க? ரெண்டுத்துக்கும் எதுக்குத் தண்டம் கட்டணும்?" என்று பத்மாவதி கேட்டாள். காரணம் சொல்ல வாய் வராததால், வீம்புக்கு அப்போதே ஹரிபாபுவுக்குப் போன் போட்டு, "என் பேர்ல இருக்கறத நிறுத்திடு" என்றார்.

சொன்ன வார்த்தை அதுதான். என் பேரில் இருப்பதை நிறுத்திவிடு. ஹரிபாபு கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் தட்டி நிறுத்தினார். அந்தப் பெயரில் இரண்டு பெட்டி இருக்கிறது என்பதை ஹரிபாபுவும் நினைக்கவில்லை, நாகபூஷணமும் நினைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கன்னையா வெளியூர் போயிருப்பான் என்று எண்ணிக்கொண்டார். ஆனால் அவன் இருமுவது கேட்டது, அவன் மனைவி அகிலா பாத்திரம் கழுவுவது கேட்டது. டிவி மட்டும் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. நாகபூஷணம் வேண்டுமென்றே சத்தமாக ஒரு பாட்டை வைத்துப் பார்த்தார். பதில் வரவில்லை. ஆயிரம் படம் கைக்குள் இருந்தது. எதைத் தொட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்கப் பிடிக்கவில்லை.

காலையில் டீக்கடையில் ஹரிபாபுவைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அன்னா, தப்பயிந்தி, தப்பு நடந்துபோச்சு. உன் பேர்ல ரெண்டு பாக்ஸ் இருந்துச்சு, ரெண்டும் கட்டாயிடுச்சு. நேத்திக்கி நானே போய் உன் தம்பிகிட்ட, மறுபடி போட்டுத் தரேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாரு. பாக்ஸக் கழட்டி என் கையிலயே குடுத்துட்டாரு."

"இன்னா சொன்னான்?"

ஹரிபாபு டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "போட்டவன் எடுத்துகினான், உட்டுடுன்னு சொன்னாரு."

நாகபூஷணத்துக்கு டீ கசந்தது. போட்டவன் எடுத்துக்கொண்டான். அன்றைக்குச் சோறு போட்டதைச் சொல்லிக் காட்டினான், இன்றைக்கு டிவியையும் பிடுங்கிக்கொண்டான் என்றுதானே அர்த்தம்? நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தைக்கு நானே ஒரு முத்திரையும் குத்திவிட்டேனே என்று நினைத்தார். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் கோபத்தோடாவது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன், இனிமேல் முற்றிலும் இல்லாமல் போய்விடுவான் என்கிற பயம் அது.

பாகம் பிரித்த வீட்டுக்குக் கூப்பிடாமல் போவது நெசவுத் தெருவில் சின்ன விஷயம் இல்லை. பெரியவன் போனால் பெரியவன் தோற்றான் என்று அர்த்தம். நாகபூஷணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவே பார்க்கப் பட்டப்பகலில் தம்பியின் தறிக் கொட்டகைக்குள் நுழைந்தார்.

கொட்டகையில் நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் காது வழியாகப் பேச்சு போகாது. விசைத்தறிக்காரர்கள் அதற்காகவே உதடு பார்த்துப் பேசப் பழகியவர்கள். கன்னையா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான். கை தறியில் இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை.

நாகபூஷணம் உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார். "நான் எடுக்கல. என்னுத மட்டும்தான் நிறுத்தச் சொன்னேன். உன்னுதும் அதுலதான் கீதுன்னு மறந்துட்டேன்."

கன்னையா அதைப் படித்தான் என்பது தெரிந்தது. ஆனால் குனிந்து நூலைப் பார்த்தான். பார்க்காதவனிடம் உதட்டால் பேச முடியாது. நாகபூஷணம் அப்படியே நின்றார். வேர்த்தது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. கன்னையா மறுபடி நிமிர்ந்தபோது, வேறு ஒன்றைச் சொன்னார். "அன்னிக்கு சோறுன்னு சொன்னது தப்பு."

கன்னையா தறியை நிறுத்தினான். பிறகு பக்கத்துத் தறியை. பிறகு மற்ற இரண்டையும் நடந்து போய் நிறுத்தினான். கொட்டகை அமைதியானது. நெசவாளி நடுப்பகலில் நான்கு தறியையும் நிறுத்துவது சாவு சேதி வந்தால்தான். வாசலில் அகிலா வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"இன்னா சொன்ன?" என்றான் கன்னையா.

"படிச்சல்ல."

"காதால கேக்கணும்."

அதே வார்த்தையை நாகபூஷணம் வாய்விட்டுச் சொன்னார்.  கன்னையா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மறுபடியும் என் பேர்லயே போடச் சொல்றேன். நீ பாட்டுக்குப் பாரு" என்றார் நாகபூஷணம்.

"உன் பேர்ல வேணாம்."

"டேய், நானும் கேபிளே வெச்சிக்கறேன். அந்த நெட்டு நமக்கு ஒத்துவரல. நீ அங்க சிரிச்சிட்ட அப்பறம் இங்க படம் வருது." சொல்லிவிட்டுத் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. அத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது வெளியே விழுந்துவிட்டது. "நான் எந்தச் சேனல் வெச்சாலும் நீயும் அதுக்கே வருவ இல்ல, அதான்" என்று முணுமுணுத்தார்.

கன்னையா அவரை வினோதமாகப் பார்த்தான். "நீ ஒரு சேனல் வெச்சி நான் ஒண்ணு வெச்சா சத்தத்துக்கு சத்தம் மோதும். ரெண்டும் புரியாது. அதான் உன்னுதுக்கே மாத்திக்குவேன். அந்தப் பழைய படம்லாம் எனக்குப் புடிக்கவே புடிக்காது."

 சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்த தம்பி அங்கே இல்லை. ஓட்டைச் சுவரோடு மல்லுக்கட்டிய ஒருவன் இருந்திருக்கிறான். இத்தனை வருஷம் தானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு அதில் சந்தோஷமாக இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது நாகபூஷணத்துக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"அப்போ சிரிச்சது?" என்று மட்டும் கேட்டார்.

கன்னையா போய் ஒவ்வொரு தறியாக ஓட்டிவிட்டான். கொட்டகை பழையபடி அதிரத் தொடங்கியது. பேச்சு முடிந்துவிட்டது என்று எண்ணி நாகபூஷணம் திரும்பி இரண்டடி வைத்தார். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைத் தொட்டுத் திருப்பியது.

அந்த இரைச்சலுக்கு நடுவில் கன்னையா உதட்டால் சொன்னான். "படத்துக்கா சிரிச்சேன்? இந்த எடத்துல நீ சிரிப்பன்னு நெனச்சாலே எனக்கு சிரிப்பு வந்துடும்." அதோடு இதையும் சொன்னான். "கேபிள் என் பேர்ல நானே போட்டுக்கறேன். நீ உன் நெட்டுலயே பாரு. பழைய படம் ஓடறப்ப நான் என்னுத நிறுத்திக்கறேன், நீ சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா வையி."

நாகபூஷணம் சரி என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே நின்று அழுதார். தறிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.