இரண்டு சட்டி, ஒரு மூக்கு

பேருந்து பணிமனைக்கு எதிரே அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து நடத்திய சாண்ட்விச் கடையில் அடுப்பு அண்ணியுடையது. கல்லாவும் கழுவலும் நாத்தனாருடையது. இந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. காரணம், அண்ணியின் மூக்கு. பால் திரியப் போகிறது என்பதைத் திரிவதற்கு முன்பே சொல்லிவிடும். அதைப் பற்றி அவளுக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது.

கடையில் இரண்டே வகை: கொத்துக்கறி, மீல் மேக்கர். மீல் மேக்கருக்கு அண்ணியின் வழி சுலபமானது. உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, மிக்ஸியில் இரண்டு சுற்று. அப்புறம் வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், மிளகு, கொஞ்சம் சோயா சாஸ் போட்டு, நிறம் கறுக்கும்வரை வதக்குவாள். ஒரு பாக்கெட்டில் எட்டுப் பேர் பசியாறலாம், கறிக்கு ஆகிற செலவில் கால்வாசிகூட ஆகாது. பார்வைக்குக் கறியேதான். இரண்டும் ஒரே மாதிரிச் சட்டியில் அடுத்தடுத்து இருக்கும்.

"ஏதாவது ஒண்ணுல அடையாளம் வைக்கலாமே அண்ணி" என்று நாத்தனார் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"மூக்கு இருக்கிறவளுக்கு அடையாளம் எதுக்கு?" என்று அண்ணி அவள் வாயை அடைத்துவிட்டாள்.

அந்த மூக்குதான் காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் மூன்று நாளில் விட்டது, வாசனை திரும்பவில்லை. பூண்டை நசுக்கி மூக்கிலேயே தேய்த்துப் பார்த்தாள். எரிந்ததே தவிர மணக்கவில்லை. அண்ணி யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் அடுப்பு நாத்தனார் கைக்குப் போய்விடும், தான் தட்டு கழுவ நிற்க வேண்டும் என்ற பயம். உப்பை அளந்து போட்டாள். இடப்பக்கம் கறி, வலப்பக்கம் மீல் மேக்கர் என்று மனதில் குறித்துக்கொண்டாள். பதினோரு நாள் அப்படியே ஓடியது. எப்படிச் சமாளித்தேன் பார் என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

பக்கத்துக் கடைத் தையல்காரம்மா பிறந்ததிலிருந்து கறியைத் தொட்டதில்லை. அவளுக்கென்று அண்ணி தனிக் கத்தியே வைத்திருந்தாள். அவள் வெளியில் சாப்பிடுவது இந்த ஒரு கடையில் மட்டும்தான், அதுவும் அண்ணி கையால் கொடுத்தால்தான்.

அன்றும் ஒரு மணிக்கு வந்தாள். அண்ணி ரொட்டியில் எண்ணெய் தடவிக் கல்லில் வாட்டி, வலப்பக்கச் சட்டியிலிருந்து அள்ளிப் பரப்பி, தக்காளி வில்லை வைத்து மூடி, தனிக் கத்தியால் குறுக்கே வெட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். தையல்காரம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து நிமிடம் கழித்து நாத்தனார் அந்தச் சட்டியின் மூடியைத் திறந்தாள்.

"என்ன அண்ணி, கறி குறைஞ்சிருக்கு? டிரைவருங்க யாரும் இன்னும் வரலையே?"

"அது மீல் மேக்கர்டி."

நாத்தனாருக்கும் மூக்கு உண்டு, சாதாரண மூக்கு. குனிந்து மோந்து பார்த்தாள். "கறிதான் அண்ணி. அடுப்பைத் துடைச்சப்போ இடம் மாறியிருக்கும்."

"ஏன்டி மாத்தி வெச்சே?"

"தினமும்தான் துடைக்கிறேன். எது முதல்ல கைக்கு வருதோ அதை முதல்ல வைப்பேன். நீங்கதான் மோந்தே சொல்லிடுவீங்களே!"

அண்ணி கரண்டியைப் போட்ட இடம் தெரியாமல் ஓடினாள்.

தையல் மிஷின் பக்கத்தில் காகிதம் விரிந்திருந்தது. அதில் பாதிதான் மிச்சம். தையல்காரம்மா வாய் நிறைய மென்றுகொண்டே கையாட்டினாள்.

"வா வா, நானே சொல்லணும்னு இருந்தேன். இந்த ஒரு வாரமா உன் கைப்பக்குவம் எங்கேயோ போயிடுச்சு. அப்படி என்ன புதுசா போடுறே?"

ஒரு வாரமா. இன்று ஒரு நாள் நடந்த தவறு என்று சொல்லத்தான் அண்ணி ஓடி வந்திருந்தாள். பேசாமல் சிரித்துவிட்டுத் திரும்பினால் ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா, துப்பிடுங்க. அது கறி."

மெல்லுவது நின்றது. தையல்காரம்மா எழுந்து தொட்டிக்குப் போனாள், துப்பினாள், வாயைக் கொப்பளித்தாள். மறுபடி மறுபடி கொப்பளித்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"உன் மூக்குக்குத் தெரியலையா?"

"மூக்கு போயிடுச்சுக்கா. காய்ச்சல்ல."

"எப்போ?"

"பதினோரு நாளாச்சு."

தையல்காரம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நேத்து?"

அண்ணி மிச்சமிருந்த பாதியைக் காகிதத்தோடு சுருட்டினாள்.

"முந்தாநாள்?"

"தெரியலைக்கா" என்றாள் அண்ணி. "சத்தியமா தெரியலை. பயந்துட்டேன். அடுப்பை விட்டு என்னை எடுத்துடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை."

தையல்காரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவளை ஏற இறங்கப் பார்த்தாள், முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி.

"மூக்குதானே போச்சு? வாய் இருந்துச்சுல்ல?"