வளைவில் சொல்கிற சொல்

உரலை இரண்டு பேராகத் தூக்கிக் காரின் பின்பெட்டிக்குள் இறக்கும்போதுதான் கெவின் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். உரலின் ஒரு பக்கத்தை ராஜேஸ்வரி பிடித்திருந்தாள். மறுபக்கத்தில் அவளுடைய கணவனின் தமையன் விக்னராஜா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். மத்தியானம் ருக்வூட் மயான மண்டபத்தில் அவளுடைய கணவன் தேவராஜாவின் செத்தவீடு. வீட்டில் ஆட்கள் இல்லாமல் இல்லை. பிரேதத்துக்கு முன்னால் சுண்ணப்பொடி இடிக்கிற உரலை வேறு யாரிடமும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கெவின் லொறி ஓட்டி ஓய்வுபெற்றவர், தேவராஜாவின் பாட்டுக் கூட்டாளி. தொப்பி இல்லாத கெவினை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். தலை வழுக்கை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"ராஜி, இந்த நேரத்தில கேக்கிறதுக்குக் குறை நினைக்காதே" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "பாட்டுக்குக் கடைசி அடி இன்னும் இல்லை. நீயும் உன்ர மனுசனும் கடைசிவரைக்கும் ஒத்துவரேல்ல. நாங்கள் எந்த முடிவைப் பாடுறது?"

"என்ன பாட்டு?" என்றார் விக்னராஜா தமிழில்.

அவள் சேலைத் தலைப்பால் உரலின் விளிம்பைத் துடைத்தாள். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

தேவராஜாவுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது சிட்னிக்கு வந்த புதிதில், எண்பத்துநாலில். பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. போர்மனின் ரேடியோவில் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டில் தாய் செத்துப்போவாள், அடுத்ததில் காதலி, அதற்கடுத்ததில் நாய். "இஞ்சரும், இவங்களும் எங்கட ஆக்கள்தான்" என்று விடிய வந்து சொன்னார். "செத்தவீட்டைப் பாட்டிலயே வச்சிருக்கிறாங்கள்." ஒரு சேலை வாங்குவதென்றால் ஒரு மாதம் யோசிக்கிற மனிதர், பரமட்டாவில் ஒரு பழைய சாமான் கடையில் மான்டலின் ஒன்றை வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வாசிக்கப் பழகி முடிப்பதற்குள் அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் அவருக்குப் பழக்கமாகிவிட்டன.

பிறகுதான் கெவினின் கூட்டம் கிடைத்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாரணர் மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். அமெரிக்க மலைநாட்டுப் பாட்டு, புளூகிராஸ் என்பார்கள். கன்ட்ரிக்கு ஒன்றுவிட்ட சகோதரம், ஆனால் கால் நிலத்தில் நிற்காது. கெவின் கிட்டார், மொரீன் பிடில், இன்னும் இரண்டு மூன்று பேர். பாடுகிறவர் ஓர் அடி முடிந்ததும் யாரையாவது பார்த்துத் தலையை அசைப்பார். அவர் தன் வாத்தியத்தில் அந்த மெட்டை ஒரு சுற்று எடுத்துப்போக வேண்டும், மற்றவர்கள் தாளம் பிடிக்க வேண்டும். ராஜேஸ்வரி பற்றீஸ் சுட்டுக்கொண்டு போய்த் தேத்தண்ணி மேசையருகே இருப்பாள். வார்த்தைகள் எல்லாம் கண்ணீர், மெட்டோ கலியாண வீட்டு ஓட்டம். அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"மெல்லப் பாடினா சனம் முதலே ஆயத்தமாகிடும்" என்று விளக்கினார் தேவராஜா, அந்த மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி. "ஓடவிட்டா, சிரிச்சுக்கொண்டு இருக்கேக்க வந்து பிடிக்கும்."

கேட்டது போதாதென்று எழுதவும் தொடங்கினார். எழுதிய பாட்டெல்லாவற்றிலும் மனைவி செத்துப்போனாள். ஒன்றில் காய்ச்சல், ஒன்றில் ரயில், ஒன்றில் ஆற்று வெள்ளம். புதிதாக ஒன்று எழுதுகிறார் என்று தெரிந்தால் ராஜேஸ்வரி குசினியிலிருந்தே கேட்பாள்: "இந்தமுறை நான் என்ன வருத்தத்தில போறன்?" பாட்டில் நாலு இடத்தில் அழுகை வந்தால் விடமாட்டாள். "நீங்களே அழுது முடிச்சிட்டா நான் என்னத்துக்கு அழ?" என்பாள். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு அழுகையை வெட்டுவார். அவளுக்கு மெட்டும் தெரியாது, சுரமும் தெரியாது. எங்கே பொய் என்று மட்டும் தெரியும்.

கடைசிப் பாட்டுத்தான் தகராறு. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகிற நாட்களில், கோயில் முடிந்ததும் கன்டீனில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு இறங்குவார்கள். மலையிலிருந்து இறங்குகிற பாதை வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் ராஜேஸ்வரி "மெதுவா" என்பாள். அவர் "தெரியும்" என்பார். தெரிந்தாலும் சொல்லுவாள். அதைத்தான் பாட்டாக்கினார். மனைவி போய்விட்டாள், பக்கத்து இருக்கை வெறுமை, அவன் தனியே அந்தப் பாதையில் இறங்குகிறான். பல்லவியில் மட்டும் தமிழ்ச் சொல்: மெதுவா, மெதுவா. கெவினும் மொரீனும் வாய் நோகப் பழகினார்கள்.

அவர் எழுதிய முடிவில், சொல்ல ஆளில்லாத வளைவில் கார் கடலுக்குள் போனது.

"போகாது" என்றாள் ராஜேஸ்வரி. "அந்த இடத்தில அவர் பிரேக் பிடிப்பார்."

"பிடிச்சா அதென்ன சோகப் பாட்டு?"

"பத்திரமா வீட்ட வந்து, கார்க் கதவைத் திறந்து, தனிய இறங்கிறது சோகம் இல்லையோ?"

அவர் மான்டலினுக்குச் சுருதி கூட்டினார். பாட்டு முடியாமலே கிடந்தது. போன கிழமை நெஞ்சுவலியென்று வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "எல்லாரும் அழுது முடிஞ்ச பிறகு அதை ஒருக்காப் பாடச் சொல்லும். அரையில விடாம, முழுசா" என்றார். முடிவை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையா, சண்டைக்கு வர விருப்பமில்லையா, அவளுக்குத் தெரியாது. அடுத்தநாள் காலை கேட்பதற்கு ஆள் இல்லை.

ராஜேஸ்வரி சொல்லச் சொல்ல, விக்னராஜா இதையெல்லாம் கார் அருகிலேயே நின்று கேட்டார். அவர் ஒன்றும் பொல்லாத மனிதர் இல்லை. மெல்பேர்ணில் தமிழர் வீட்டில் மரணம் என்றால் திருவாசகத்துச் சுண்ணப் பாட்டுப் பாட அவரைத்தான் தேடுவார்கள். இந்தமுறை சொந்தத் தம்பிக்குப் பாட வந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது.

"பிள்ளை, சனம் என்ன கதைக்கும்?" என்றார். "செத்தவீட்டில கிட்டாரோ? அதுவும் உயிரோட இருக்கிற உம்மைச் சாகடிச்ச பாட்டு."

"அவர் என்னைச் சாகடிக்கிறது புதுசில்லை, அத்தான்."

"பகிடி விடாதேயும். அவன்ர பாட்டெல்லாம் துள்ளுற மெட்டு. நானும் கேட்டிருக்கிறன்."

ராஜேஸ்வரி பின்பெட்டிக்குள் கிடந்த உலக்கையை நேராக்கி வைத்தாள். இதில் தோற்றுவிட்டால் கணவன் கடைசியாகக் கேட்டது நடக்காமல் போய்விடும் என்று பயமாக இருந்தது.

"அத்தான், நான் ஒண்டு கேக்கிறன். நீங்கள் இண்டைக்குப் பாடப்போற பாட்டில என்ன இருக்கு? பெட்டையள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டு, சுவாமி குளிக்கிறதுக்கு வாசப்பொடி இடிக்கினம். ஆட்டமும் சிரிப்பும்தானே அதில. அதில எங்க அழுகை? அதை ஏன் நாங்கள் பிரேதத்துக்கு முன்னால பாடுறம்?"

"அது வேற" என்றார் விக்னராஜா.

பின்பெட்டியை மூடினார். சரியாக மூடவில்லை என்று திரும்பத் திறந்து மூடினார். பிறகு தம்பியின் காரை ஒரு கையால் தடவிக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"சின்னப் பாட்டுத்தான்."

"சுண்ணத்துக்குப் பிறகு பாடட்டும். பெட்டி மூட முன்னம்."

கெவினுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் இரண்டு கைகளாலும் விக்னராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முடிவை ருக்வூட்டில் வந்து சொல்கிறேன் என்று ராஜேஸ்வரி சொன்னாள்.

சொல்லிவிட்டாளே தவிர, என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய முடிவைப் பாடச் சொன்னால், பதில் பேச முடியாமல் பெட்டிக்குள் கிடக்கிற மனிதரை வென்றதாகிவிடும். அதில் என்ன மரியாதை? பேசாமல் அவர் எழுதியபடியே காரைக் கடலுக்குள் விட்டுவிடலாம். போகிற மனிதருக்கு அதையாவது விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அது பொய். அவர் காதுக்குள் ஒரு பொய்யைப் பாடி அனுப்புவதா?

காரை மகள் நிரோஷினி ஓட்டினாள். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். அழுதழுது மூக்கு வீங்கியிருந்தது. "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று இடைக்கிடை கேட்டாள். ராஜேஸ்வரி ஓம் என்றாள். அவள் இன்னும் அழவில்லை. அம்புலன்சில் போன அன்று டிரைவரைப் பார்த்து, "கெதியா, கெதியா" என்று கத்தியதுதான் அவள் கடைசியாகப் போட்ட பெரிய சத்தம். வாழ்க்கை முழுக்க மெதுவா என்று சொன்ன வாயால் அன்று அதைச் சொன்னது அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

கடைத்தெரு முடிகிற இடத்தில் ஒரு சுற்றுவட்டம் வந்தது. ராஜேஸ்வரி பழக்கத்தில் வாயைத் திறந்தாள். அதற்குள் கார் வேகம் குறைந்து, பூனை மாதிரி வளைந்து, வெளியே வந்துவிட்டது.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள் ராஜேஸ்வரி.

"அப்பா பழக்கினது" என்றாள் நிரோஷினி. "டிரைவிங் பழக்கேக்க ஒவ்வொரு பெண்டிலயும் கேப்பார். 'இப்ப அம்மா இருந்தா என்ன சொல்லுவா?' நான் மெதுவா எண்டு சொல்லோணும். சொல்லாட்டித் திரும்பவும் சுத்தி வரோணும். சோ எனோயிங்."

"நான் இல்லாத நேரத்திலயோ?"

"நீங்க ஹொஸ்பிட்டல் கிச்சன்ல வேலைக்குப் போயிருப்பீங்க. அப்பா தனிய ஓட்டேக்கயும் சொல்லுவார், அம்மா. வாய்க்குள்ள. நான் பின்னால இருந்து கேட்டிருக்கிறன்."

ராஜேஸ்வரி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொல்லாத மனிதன், என்று நினைத்தாள். இதை வைத்துக்கொண்டா அத்தனை மாதம் சண்டை பிடித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, நெஞ்சு நிறைய வந்தது.

ருக்வூட் கார் தரிப்பிடத்தில் கெவினும் மொரீனும் வாத்தியப் பெட்டிகளோடு காத்து நின்றார்கள். ராஜேஸ்வரி நேரே அவர்களிடம் போனாள். "அவன் விழமாட்டான்" என்றாள் ஆங்கிலத்தில். "பக்கத்தில யாரும் இல்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய கால் தானாகவே பிரேக்குக்குப் போகுது. இறங்கி வீட்டுக்குள்ள போறான். அவ்வளவுதான். எனக்குச் சாட்சி இருக்கு."

மொரீன் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள், விரலால் பெட்டியில் தாளம் போட்டாள். பிறகு தலையை ஆட்டினாள். "வந்திட்டுது" என்றாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. விக்னராஜா பாட, பெண்கள் முறை முறையாக வந்து உலக்கை பிடித்தார்கள். மஞ்சள் மணம் எழுந்தது. சுவரோரமாக நின்ற கெவினின் கூட்டம் அந்த இடியை உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது. விக்னராஜாவின் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவர் நிறுத்தவில்லை.

பிறகு கெவின் கிட்டாரை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். சனம் ஒன்றையொன்று பார்த்தது. மெட்டு எடுத்த எடுப்பிலேயே ஓடத் தொடங்கியது. பல்லவி வந்து, வெள்ளைக்காரர் எல்லாரும் சேர்ந்து "மெடுவா, மெடுவா" என்று தலைதெறிக்கிற வேகத்தில் பாடியபோது, முன்வரிசையில் இராசமணி அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அங்குமிங்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரும் அதைக் குறையாக எடுக்கவில்லை.

இரண்டாவது அடி முடிந்தது. அந்த இடம் எப்போதும் மான்டலினுக்கு. கெவின் பழக்கப்படியே திரும்பி, பெட்டியைப் பார்த்துத் தலையை அசைத்தார். எல்லாரும் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மெட்டை யாரும் எடுக்கவில்லை. ஒரு முழுச் சுற்று, அவருக்கு விட்ட இடமாகவே போனது.

அப்போதுதான் ராஜேஸ்வரிக்கு அழுகை வந்தது. சத்தமாகவே வந்தது. நிரோஷினி அவளைக் கட்டிப்பிடித்தாள். அழுகைக்கு நடுவிலும் அவள் பார்த்தாள், விக்னராஜாவின் விரல்கள் வேட்டியின் மேல் தாளம் பிடித்துக்கொண்டிருந்தன. கடைசி அடியை மொரீன் தனியே பாடினாள். பாட்டில் வந்த மனிதன் வளைவைக் கடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல்நாள் சாம்பலைக் கடலில் கரைக்கப் போனார்கள். எங்கே என்று பேச்சே இல்லை. காரை யார் ஓட்டுவது என்பதில்தான் பேச்சு. ராஜேஸ்வரியிடம் லைசென்ஸ் இருந்தது. வெஸ்ட்மீட்டுக்கும் கடைக்கும் அப்பால் அவள் ஓட்டியதில்லை. அன்று கார்த் திறப்பை அவளே எடுத்தாள். விக்னராஜா ஏதோ சொல்ல வாயெடுத்து, பின் இருக்கையில் ஏறி பெல்டைப் போட்டுக்கொண்டார். நிரோஷினி முன்னால் இருந்தாள். வெள்ளைத் துணி சுற்றிய சாம்பல் முட்டி அவள் மடியில் இருந்தது.

ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குத் திரும்புகிற பாதை வந்து, போயிற்று. மரங்கள் விலகி, கீழே கடல் தெரிந்தது. முதலாவது வளைவு கிட்ட வந்தபோது விக்னராஜா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கார் வளைந்து இறங்கியது. நிரோஷினியின் மடியில் முட்டி ஆடவில்லை.