மூன்றாம் வரிசையில் ருமியானாவின் சிரிப்பு

பொகோமில் இறந்த இலையுதிர் காலத்தில் அவன் மனைவி ருமியானாவின் சிரிப்பு அவளை விட்டுப் பிரிந்து, ரூசே நகரத்து நகைச்சுவை மன்றத்தின் மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதே வாரம்தான் சந்தையில் சிவப்புக் குடமிளகாய் கிலோ மூன்று லெவாவுக்கு ஏறியது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது. சிரிப்பு வந்து சேர்ந்ததை முதலில் கவனித்தவன் மன்றத்தின் சொந்தக்காரன் வெலிகோ. அன்று வியாழக்கிழமை. மேடையில் தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் வருங்கால மாமியாரைப் பற்றி மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தான். கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. மைக்கின் வயர் காலில் சிக்கி அவன் தடுமாறியபோது, "இதையும் அந்தம்மாதான் இழுக்குது" என்று தனக்குள் முணுமுணுத்தான். காலியாகக் கிடந்த நாற்காலியிலிருந்து முதலில் மூக்கால் ஒரு உறுமல் வந்தது. பிறகு கொதிக்கிற கெட்டிலின் மூடி துள்ளுவதுபோலத் தடதடவென்று ஓர் ஓட்டம். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு "ஒலெலே". ஊரில் எல்லோருக்கும் அந்தச் சிரிப்பைத் தெரியும். வெலிகோ விளக்கைப் போட்டுப் பார்த்தான். நாற்காலியில் யாரும் இல்லை. ஒலிபெருக்கியைக் கழற்றிப் பார்க்க ஆள் வந்தான், சுவருக்குள் எலி இருக்கிறதா என்று பார்க்க வேறொருவன் வந்தான். இருவரும் அடுத்த வியாழக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ருமியானாவுக்குப் பொய்ப்பற்கள் செய்யும் வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து எங்கள் ஊர்க் கிழவர்களுக்கெல்லாம் அவள்தான் வாய் கட்டிக் கொடுத்தாள். பொகோமில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, தோட்டம் இல்லை, கடலுக்குப் போகும் வழக்கமும் இல்லை. வியாழக்கிழமை மன்றம் மட்டும் இருந்தது. பழைய சலவைக்கூடத்தின் நிலவறையில் அதை ஆரம்பித்த நாளிலிருந்து இருவரும் மூன்றாம் வரிசையில்தான். அவன் ஓர நாற்காலி, அவள் அதற்கு அடுத்தது. வீடு திரும்பும் வழியில் டான்யூப் ஆற்றங்கரையோரம் நடந்தபடி, கேட்ட ஜோக்குகளைப் பிரித்துப் போட்டுச் சண்டை பிடிப்பார்கள்.

"எதிர்பார்த்தது வராம வேற ஒண்ணு வரணும். அவ்வளவுதான் ஜோக்கு. இதுல என்ன பெரிய ரகசியம்?" என்பான் பொகோமில்.

"அப்போ எதிர்பாராம கரண்ட் பில்லு ரெண்டு மடங்கா வந்தப்ப நீ ஏன் சிரிக்கல?"

"அது தப்பா போட்ட பில்லுடி."

"நான் எனக்குள்ள மூடி வச்சிருக்கிறதை எவனோ ஒருத்தன் மேடையில நின்னு 'இது உங்களோடதா பாருங்க'ன்னு தூக்கிக் காட்டணும். அப்பத்தான் எனக்குச் சிரிப்பு வரும். முதல்ல திக்குனு இருக்கும். அப்புறம்தான் சிரிப்பு. திக்குனு ஆகலேன்னா அது வெறும் கதை." அதற்கு அவளிடம் தொழில்முறைச் சான்றும் இருந்தது. "அதிர்ச்சியிலயும் தாடை இவ்வளவுதான் இறங்குது, சிரிப்புலயும் இவ்வளவுதான். நான் செஞ்ச பல்லு ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் கழண்டு விழுது."

பொகோமில் செத்தது அடுக்குமாடி வீட்டின் பால்கனியில். செப்டம்பரில் எங்கள் ஊரே குடமிளகாய் சுடும், அவனும் சுட்டான். மிளகாய் சுடும் மின்சார அடுப்பு பழுதாகிக் கிடந்ததை, பழைய இஸ்திரிப்பெட்டியின் வயரைப் போட்டு அவனே சரிசெய்திருந்தான். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மின்சாரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவன் ஈரக் கையால் அதைத் தொட்டான். அடக்கத்தில் ருமியானா அழவில்லை. வந்தவர்களுக்கு ரொட்டியும் லியுதெனித்சா விழுதும் ஒயினும் கொடுத்தாள், தட்டுகளைக் கழுவினாள், அவன் படம் போட்ட இரங்கல் தாளைக் கட்டடத்தின் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவளே ஒட்டினாள். அழுகை எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. சிரிப்பு போன இடம் மட்டும் தெரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மன்றத்துக்குக் கூட்டம் இரட்டிப்பானது. சிரிப்பை ஏமாற்ற முடியவில்லை. கெட்ட வார்த்தைக்கு அது சிரிக்காது. அரசாங்கத்தைத் திட்டினால் கூட்டம் கை தட்டும், அது சும்மா இருக்கும். மேடையில் நிற்பவன் பொய் சொல்கிறான் என்றால் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். உண்மையில் அவமானப்பட்ட ஒன்றைச் சொன்னால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மூக்கு உறுமும். ப்ளோவ்திவிலிருந்தும் ஸ்தாரா ஸகோராவிலிருந்தும் நகைச்சுவைக்காரர்கள் ரயிலேறி வந்து தங்கள் புதுச் சரக்கை அந்தக் காலி நாற்காலியிடம் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவன் ஒரு மணி நேரம் பேசி ஒரு உறுமல்கூடக் கிடைக்காமல் திரும்பிப் போய்க் கணக்காளர் வேலையில் சேர்ந்தான். இப்போது நன்றாக இருக்கிறான். பாதிரியார் ஒருவர் தீர்த்தம் தெளித்து அதை அனுப்பிவைக்க வந்தார். தெளிப்பதற்கு முன், கூட்டம் விடாமல் கேட்டதால், தான் முதன்முதலில் ஞானஸ்நானம் செய்த குழந்தைக்குத் தவறிப்போய் அதன் தாத்தாவின் பெயரை வைத்துவிட்டதைச் சொல்லவேண்டியதாயிற்று. நாற்காலி அதிரச் சிரித்தது. பாதிரியார் தீர்த்தக் கிண்ணத்தை மூடிவிட்டு, "இது சாத்தான் இல்லப்பா. சாத்தானுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ருமியானாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. கறுப்பு உடுத்தியவளிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் கீழ்மாடி ஸ்டான்காதான், மாவு கடன் வாங்க வந்த இடத்தில், போட்டு உடைத்தாள்.

"கோவிச்சுக்காத ருமியானா. உன் சிரிப்பு அங்க மன்றத்துல உக்காந்திருக்குடி."

"என் சிரிப்பு எங்கிட்டதான் இருக்கு. இப்ப வேண்டாம்னு வச்சிருக்கேன்."

"அப்போ எங்க, ஒரு தடவை சிரி பாப்போம்."

ருமியானா வாயைத் திறந்தாள். தாடை சரியான அளவுக்கு இறங்கியது. உள்ளேயிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"அவர் போன வாரத்துலேர்ந்து."

"அவர் போன வாரமா? அடக்கம் பண்ணின மண்ணு காயறதுக்குள்ளயா?" அவளுக்கு வெட்கத்தில் காது சிவந்தது. புருஷன் செத்த வாரத்தில் தன் சிரிப்பு தனியாக மன்றத்துக்குப் போய் ஊர் பார்க்க உட்கார்ந்திருக்கிறது. அவள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்த மாதங்களெல்லாம் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, அதைக் கையோடு இழுத்துவருவது என்று கிளம்பினாள்.

அவள் உள்ளே நுழைந்தபோது விளக்குகள் அணைந்திருந்தன. மேடையில் நைடென் இருந்தான். பகலில் மாட்டு வைத்தியன், மாலையில் நகைச்சுவைக்காரன். பொகோமிலுக்குச் சிறுவயதிலிருந்தே கூட்டாளி. கடைசி வரிசைக்குப் பின்னால் அவள் நிற்பதை அவன் பார்க்கவில்லை. இத்தனை மாதம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொல்லத் துணிந்திருந்தான்.

"பொகோமில் செத்தப்ப நான் போன்ல அவன்கூடத்தான் பேசிக்கிட்டிருந்தேன்" என்று ஆரம்பித்தான். கூட்டம் நெளிந்தது. "திடீர்னு லைன் கட்டாச்சு. அந்த நேரத்துல டிவியில பாட்டுப் போட்டியோட கடைசிச் சுற்று. அந்தக் கட்டடம் முழுக்கக் கரண்ட் போச்சு. எட்டு மாடியும் பால்கனிக்கு வந்துருச்சு. யாரு பண்ணின வேலைன்னு எல்லாருக்கும் தெரியும். 'பொகோமில், நீ நாசமாப் போவ!' 'பொகோமில், உன் கையில கரண்ட் அடிக்க!' எட்டு மாடியும் சாபம் விடுது. பதினைஞ்சு நிமிஷம். அவன் பதிலே பேசல. ஸ்டான்கா என்கிட்ட வந்து சொல்றா: 'அன்னிக்குத்தான் முதல் தடவையா மனுஷன் எதிர்த்துப் பேசாம பொறுமையா இருந்தார், டாக்டரே. நல்லவரு.'"

முன்வரிசையில் ஒரு பெண் கையால் வாயை மூடிக்கொண்டாள். நைடெனின் நெற்றியில் வேர்வை கோத்தது. சொல்லியிருக்கக் கூடாது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. அப்போது மூன்றாம் வரிசையில் மூக்கு உறுமியது. கெட்டில் மூடி துள்ளியது. ருமியானாவின் சிரிப்பு, தன் புருஷனின் சாவைக் கேட்டு, அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டேயிருந்தது. அது பொகோமிலின் ஓர நாற்காலியிலிருந்து வருகிறது என்பதையும் அப்போதுதான் அவள் பார்த்தாள். தன்னுடைய நாற்காலி பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

"விளக்கைப் போடு" என்றாள் ருமியானா.

வெலிகோ போட்டான். எல்லோரும் திரும்பினார்கள். நைடென் மைக்கை நழுவவிட்டான். "ருமியானா... சத்தியமா நீ வந்திருக்கிறது எனக்குத் தெரியாது. நான் இறங்கிடறேன். இனிமே ஏறவே மாட்டேன்."

அவள் நடுவழியே நடந்தாள். அறைவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நைடென் கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டுகூட நின்றான். அவள் மேடைக்குக் கீழே வந்து நின்றாள். சிரிப்பு அடங்கி, இருமி, காத்திருந்தது.

"நீ பாதிதான் சொன்னே" என்றாள். "மிச்சம் உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆம்புலன்ஸ் அவரைத் தூக்கிட்டுப் போச்சு. நான் பால்கனிக்குப் போனேன். முப்பது கிலோ மிளகாய், நைடென். பாதி சுட்டது, பாதி சுடாதது. என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. கைக்கு ஏதாவது வேலை வேணும்போல இருந்துச்சு. தூக்கிப் போட்டா அவர் என்னைக் கொன்னுருப்பார். உக்காந்து தோலை உரிச்சேன். மறுநாள் கரண்ட் வந்ததும் மிச்சத்தையும் சுட்டேன்."

"எதுல சுட்டே?" என்று கூட்டத்திலிருந்து ஸ்டான்கா வாய்தவறிக் கேட்டாள்.

"உன் அடுப்புலதான். இரவல் வாங்கிட்டுப் போனேனே. தக்காளி போட்டு, உப்புப் போட்டு, கிண்டிக் கிண்டி லியுதெனித்சா பண்ணினேன்." அவள் நைடெனை நிமிர்ந்து பார்த்தாள். "அடக்கத்தன்னிக்கு நீ நாலு ரொட்டியில தடவித் தின்னியே. 'இந்த வருஷம் ருசி வேற மாதிரி இருக்கே, என்ன போட்டே'ன்னு கேட்டியே. அது எந்த மிளகாய்னு நினைச்சே?"

நைடெனின் வாய் திறந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் அந்த அடக்கத்துக்குப் போனவர்கள். அவர்கள் வாயும் திறந்தது. அன்றைக்கும் வந்திருந்த பாதிரியார் மெல்ல ஒரு கையை வயிற்றின் மேல் வைத்தார். அவர் ஒரு சீசா வீட்டுக்கும் கேட்டு வாங்கிப் போயிருந்தார். கொஞ்ச நேரம் அந்த நிலவறையில் திறந்த வாய்களைத் தவிர வேறெதுவும் இல்லை. இறங்கிய தாடைகள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றன. இரண்டாம் வரிசைக் கிழவர் ஒருவரின் மேல்வரிசைப் பல் மடியில் விழுந்தது. ருமியானாவே செய்த பல்.

ஓர நாற்காலி உறுமியது. இந்தத் தடவை அது தனியாக ஓடவில்லை. நைடென் மேடையில் குந்தி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், ஸ்டான்கா சிரித்தாள், வெலிகோ சுவரில் சாய்ந்து வழுக்கி விழுந்தான். சிரிக்கக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள்தான் கடைசியில் நிறுத்த முடியாமல் தவித்தார்கள். அவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் நின்று ருமியானா அழுதாள். செப்டம்பரிலிருந்து வராத அழுகை, மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சத்தம் போட்டு. நாற்காலியில் அவள் சிரிப்பும் மேடைக்குக் கீழே அவள் அழுகையும் ஒரே நேரத்தில் நடந்தன, ஒன்றுக்காக மற்றொன்று நிற்கவில்லை. நைடென் கீழே இறங்கி வந்து அவளைப் பிடித்துக்கொண்டான். "அஞ்சாவது ரொட்டியும் தின்னேன், ருமியானா" என்றான். "நாலு இல்ல. அஞ்சு."

அன்றைக்குச் சிரிப்பு அவளிடம் திரும்பிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திரும்பவில்லை. ருமியானா கொஞ்ச நேரம் நாற்காலியருகே நின்று பார்த்தாள். பிறகு பக்கத்தில், தன் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வியாழனும் வந்தாள். ஜோக்கு அவளுக்குப் பிடித்தால் அவள் வாய் திறக்கும், சத்தம் பக்கத்திலிருந்து வரும். இடைவேளையில் அவள் அந்தப் பக்கம் சாய்ந்து, சற்று முன் கேட்டதில் எது உண்மை எது ஜோடனை என்று தாழ்ந்த குரலில் வாதாடுவதைப் பார்க்கலாம். புதிதாக வருபவர்கள் முதல் தடவை திடுக்கிடுவார்கள். இரண்டாவது தடவை தங்கள் கோட்டை அந்த நாற்காலியில் வைக்காமல் பார்த்துக்கொள்வார்கள்.

மறுவருஷம் கடலோர ஊரான வார்னாவில் புதிதாக ஒரு மன்றம் திறந்தபோது, அங்கிருந்து நைடெனைக் கூப்பிட்டார்கள், சிரிப்பையும் கூப்பிட்டார்கள். ருமியானா யோசித்துவிட்டு, "போய்ட்டு வரட்டும். நாங்க கடலுக்குப் போனதே இல்ல" என்றாள். ரயிலில் நைடெனுக்கு எதிர் இருக்கையில் அது பயணம் செய்தது. பயணச்சீட்டுப் பரிசோதகர் தன் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்ததால் சீட்டு கேட்க மறந்துவிட்டார். கோடை முழுதும் அது அங்கேயே தங்கியது. நடுவில் ஒருநாள் நைடென் தொலைபேசியில் கூப்பிட்டு அதைக் கேட்கவைத்தான். ருமியானா ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, சாப்பாடு வேளைக்குக் கிடைக்கிறதா என்று விசாரித்தாள்.

முதல் பனி விழுவதற்குள் திரும்பி வந்துவிட்டது. உப்புக் காற்றில் கொஞ்சம் கரகரப்பாகியிருந்தது, உறுமலுக்குப் பின் கடற்கரைக்காரர்களைப்போல இழுத்து முடிக்கும் புதுப் பழக்கம் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று மேடையில் பேசியவன் சுமாரான ஆள். நடுவில் எங்கோ அவன் உண்மையைத் தொட்டான். ஓர நாற்காலி சிரித்தது. வெலிகோ கவலையோடு ருமியானாவைப் பார்த்தான்.

"அக்கா, குரல் மாறிப்போச்சே."

"மாறாம?" என்றாள் அவள். "அதுக்கும் வயசாகுதில்ல." இடம் பிடித்து ஓர நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.