இட மீசைக்குத் தெரியாது

அகல்யா சொன்னதை மருதமுத்து நம்பவில்லை. ஒரே தலைக்குள் இந்தப் பக்கத்துக்குத் தெரிந்தது அந்தப் பக்கத்துக்குத் தெரியாதாம். சிம்பாங் அம்பாட்டுச் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் எலிக்கு விஷம் வைத்தவர் அவர். எலியைப் பற்றி அவருக்கே பாடமா?

இப்போது ஆலோர் காஜா பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறார். அகல்யா அங்கே ஆராய்ச்சி செய்கிறவள். அவளுடைய எலிகளுக்கு மூளையின் இரண்டு பாதிகளையும் சேர்க்கிற நரம்புப் பாலத்தை அறுத்திருந்தார்கள். பிறகு இட மீசையைக் கத்தரித்துவிட்டு, வல மீசையில் சொரசொரப்பான பலகை பட்டால் கச்சான் என்கிற வேர்க்கடலை கிடைக்கும் என்று பழக்கினாள். இப்போது இட மீசை வளர்ந்துவிட்டது. அதில் பலகை பட்டால் எலிக்குப் புரியுமா என்று மூன்று மணிக்குச் சோதிக்க வேண்டும். ஆறு எலி தேவை, ஐந்து முடிந்தது. மிச்சம் இது ஒன்றுதான்.

"இதுவும் போச்சுன்னா ஒண்ணரை வருஷ வேலை லோங்காங் சாக்கடைத் தண்ணியிலதான் அங்கிள்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் மருதமுத்து கூண்டைத் திறந்தார். பலகையை இட மீசையில் உரசினார். எலி அசையவில்லை. மறுபடி உரசினார். மூன்றாவது தடவை அழுத்திவிட்டார் போலிருக்கிறது. எலி அவர் மணிக்கட்டில் ஏறித் தாவி, அலமாரிக்கு அடியில் புகுந்துவிட்டது.

அலமாரியின் வலது மூலையில் போன வாரம் விஷ மெழுகு வைத்தது அவரேதான். வெளி எலி பிடிக்க வரும் கம்பெனிக்காரன் மேல் நம்பிக்கை இல்லாமல், யாரிடமும் சொல்லாமல் வைத்தது.

குப்புறப் படுத்துப் போன் வெளிச்சத்தை அடித்தார். எலி சுவரோரம், இடப்பக்கத்தை அவருக்குக் காட்டிக்கொண்டு நின்றது. பலகையை நீட்டி அந்த மீசையைத் தொட்டார். எலி ஒடுங்கிப் பின்வாங்கியது. இன்னும் விரட்டினால் நேரே மெழுகில்தான் போய் விழும். கையை இழுத்துக்கொண்டார்.

எலி மூக்கைத் தூக்கியது. வாசம் பிடித்துவிட்டது. திரும்பி மூலையை நோக்கி அடி அடியாக நகர்ந்தது. இப்போது வலப்பக்கம் அவரைப் பார்த்து இருந்தது. மூக்கு மெழுகில் பட்டது.

பலகையை வல மீசையில் உரசினார்.

எலி நின்றது. மெழுகை விட்டுவிட்டுப் பலகையை நோக்கித் தலையைத் திருப்பியது. கச்சானைத் தேடி வாயைத் திறந்துகொண்டு நேரே அவரிடம் வந்தது. பிடரியோடு அமுக்கிப் பிடித்தார்.

கூண்டைப் பூட்டினார். மெழுகை எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பல் தடம் இல்லை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அகல்யா கேமராவோடு வந்தாள்.

"அதை மாட்டாதம்மா. எலியை நான் தொறந்து விட்டுட்டேன். அலமாரி அடியில விஷம் வேற வச்சிருந்தேன். தின்னல, பாத்துட்டேன்."

"ஏன் அங்கிள்?"

"நீ சொன்னது பொய்னு நெனச்சேன்."

"கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன்லா!" கேமராவை மேசையில் வைத்தாள். "இட மீசையில பலகை பட்டுச்சா?"

"நாலு தடவை."

"கச்சான் கொடுத்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க. ஒண்ணு கொடுத்திருந்தாக்கூட அந்தப் பக்கமும் கத்துக்க ஆரம்பிச்சிருக்கும். அப்புறம் இந்த எலி எதுக்கும் ஆகாது."

"எங்கம்மா கொடுக்க? டின்னை நீதானே பூட்டி வச்சிருக்க."

அவள் பையைத் தடவிப் பார்த்தாள். சாவி இருந்தது.

"புரொபசர்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும். விஷத்தையும். உங்க வேலை..."

"போனைப் போடு."

மறுமுனையில் குரல் கேட்டதும் மருதமுத்து போனை வாங்கினார். "சார், கூண்டு கழுவுற மருதமுத்து. நான் சொல்லி முடிக்கிறேன், அப்புறம் ஏசுங்க."

சொன்னார். ஏச்சும் வாங்கினார். பிறகு போன் அகல்யாவின் கைக்குப் போனது. அவள் வெகுநேரம் "யெஸ் சார்" மட்டும் சொன்னாள்.

"நடந்ததையெல்லாம் எழுதிட்டு டெஸ்ட் பண்ணச் சொல்றாரு. இந்த எலியைக் கணக்குல சேக்கலாமா வேணாமான்னு பாத்துட்டுதான் சொல்வாராம்." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க இனிமே உள்ள வரக்கூடாதாம்."

மருதமுத்து கையுறையைக் கழற்றினார்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க அங்கிள். சத்தம் கேட்டா அது பயந்துக்கும்."

சத்தம் வராமல் சாத்தினார்.