அலை ஏறாத இடம்

வில்பட்டிக்குக் கீழே ஓடும் வாய்க்காலில் ஓரிடத்தில் இருபுறமும் சிமெண்டுச் சுவர் வைத்துத் தண்ணீரை நெருக்கியிருக்கிறார்கள். தண்ணீரை அளக்கிற இடம் அது. அதுவரை கறவை மாடுபோல அசைந்து வருகிற தண்ணீர், அந்த இடுக்கில் நுழைந்ததும் ரோஷம் வந்து பாயும். தண்ணீரின் வேகமும் அலையின் வேகமும் அங்கே சரிக்குச் சரி. மாறுநிலை ஓட்டம் என்பார்கள் படித்தவர்கள். இடுக்குக்குக் கீழே குச்சியால் தட்டினால் எழுகிற அலை மேலே ஏறக் கூடாது. ஏறினால் அன்றைய அளவு பொய்.

அதைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். கீழே நின்று தட்டுவது சிவமுருகன், மேலே நின்று பார்ப்பது சண்முகப்பிரியா. ஒரே ஆபீஸ் இன்ஜினியர்கள். சில மழைக்காலங்கள் இந்தச் சோலியிலேயே போயின. பிறகு அவனுக்குப் பழனிக்கு மாற்றல் வந்தது. போனவன் போனவன்தான். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, முருகன் படத்தோடு. அதை அவள் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் என்று கேட்காதீர்கள். அவனே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று ஏங்கிக் கிடந்தாள். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். இவளுடைய ஆசைக்கு வெட்கத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அவன் இடத்துக்குப் புதிதாக வந்தவர் லீவு. அதனால் இன்றைக்கு அவனையே அனுப்பியிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை வீட்ல பொண்ணு பாக்கப் போறாங்க," என்றான், குச்சியைப் பார்த்துக்கொண்டே.

"நல்லது சார்." அவள் இடுக்குக்கு மேலே போய் நின்றாள்.

தட்டினான். "வருதா பிரியா?"

"வரல சார்."

பலமாகத் தட்டினான். "இப்ப?"

"இல்ல."

மறுபடி தட்டினான். அலை இடுக்கு வரை வந்து, தவித்து, அங்கேயே நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கீழேயிருந்து எதுவும் இங்கே ஏறாது, மேலேயிருந்து போட்டால்தான் போகும் என்று விவசாயிகளுக்கெல்லாம் விளக்கியவள் அவள். மேலே நின்றுகொண்டு இத்தனை நாள் எதற்குக் காத்திருந்தாள்?

ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். வட்டம் இடுக்கில் நுழைந்து, நீண்டு, வெரசாக அவன் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை வில்பட்டிக்கு வரச் சொல்லுங்க," என்றாள். "எங்க வீட்டுக்கு."

அவன் கையிலிருந்த குச்சி நழுவித் தண்ணீரோடு போனது. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான்.