ரோஸ் கலர் அசுரன்

1

இந்தக் கதை ஒரு திருட்டுத்தனத்தில் தொடங்கியது. ஒப்புக்கொள்கிறேன். ஆவடிக்கு அருகே கோவில்பதாகையில் எங்கள் தெரு அம்மன் கோவில் கமிட்டியில் என்னைச் சேர்த்தது, கும்பாபிஷேக நோட்டீஸ் எழுதித் தருவேன் என்பதற்காக. நான் சேர்ந்தது, கதை கிடைக்கும் என்பதற்காக. கிடைத்தது. இப்படித் தொடங்கினேன்:

'ரோஜா நிறத் தேவியின் காலடியில் கன்னங்கரேலென்று ஓர் அசுரன்...'

சிற்பி எழிலரசிக்குப் படித்துக் காட்டினேன். கோவில் விமானத்தில் சிமென்டில் பொம்மை பிடித்து, வண்ணமும் பூசுகிறவர் அவர்தான். சாரத்திலிருந்து இறங்காமலே கேட்டார்:

"சார், நான் இன்னா கலர்?"

(இங்கே கதாசிரியர் இருமினார்.)

"சாமின்னா ரோஸு, கெட்டவன்னா கருப்பு. பெயிண்ட் அடிக்கிறவன்தான் அப்டின்னா, நீங்களும் அதையே எழுதிகினு கீறீங்க!"

2

அந்தத் தொடக்கத்தை அடித்துவிட்டேன். புதிய தொடக்கம்:

எழிலரசி தன் முன்னங்கையில் வண்ணத்தைத் தொட்டு வைத்தார். தோலோடு தோலாக அது மறையும் வரை கலந்துகொண்டே இருந்தார். பிறகு அதை அம்மனுக்குப் பூசினார். அசுரனுக்கு ரோஸ்.

செயலாளர் சண்முகசுந்தரம் கொதித்துப்போனார். ராணுவத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பச்சை பெயிண்ட் மட்டுமே அடித்து ஓய்வு பெற்றவர்.

"எனக்கே கலர் சொல்லித் தர்றியாம்மா? வேற ஆள வெச்சு மாத்திடுவேன்!"

கமிட்டியில் ஐந்து பேர். இரண்டுக்கு இரண்டு. மிச்சம் நான்.

(இங்கே நான் வீறுகொண்டு எழுந்ததாக ஒரு பத்தி இருந்தது. கிழித்துவிட்டேன். உண்மையில் நான் சொன்னது: "ஞாயித்துக்கிழமை பேசிக்கலாமே.")

3

ஏன் இழுத்தடித்தேன்? கோவிலுக்குப் போய்வந்த என் மனைவி மைதிலிதான் காரணம்.

"ஏங்க, அந்த அசுரன் மூக்கு உங்க மூக்கு மாதிரியே இருக்கே?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூக்கு மட்டுமா? முன் வழுக்கை, இரட்டைத் தாடை, எல்லாம் நானேதான். நிறமும் ஏறக்குறைய என்னுடையதே. அம்மனின் கால் என் மார்பில்.

"இன்னா பண்றது சார்? ரோஸ் கலர்ல ஒரு மூஞ்சி தேவப்பட்டுச்சு. நீங்கதான் டெய்லி கீய நின்னுகினு இருந்தீங்க."

"மாத்திடுங்க எழிலரசி."

"மாத்தணும்னு சொன்னா அம்மன் கலரயும் சேத்துதான் மாத்துவாங்க." அவர் குரல் உடைந்துவிட்டது. "என் கலர்ல ஒரு அம்மன் இந்த ஊர்ல நிக்கணும்னு ஆசப்பட்டேன் சார். வேற ஒண்ணுமில்ல."

நான் அண்ணாந்து பார்த்தேன். அப்போது அம்மனின் கண்களில் ஒரு — சேச்சே, வேண்டாம். அது வெறும் வெயில்.

4

முடிவு ஒன்று: கமிட்டி மொத்தமும் மனம் மாறி அழுகிறது. (சண்முகசுந்தரம் அழமாட்டார். தள்ளுபடி.)

முடிவு இரண்டு: மழையில் வண்ணம் கரைந்து, பிரச்சினையும் கரைகிறது. ("நல்ல பெயிண்ட் சார். கரையாது!" என்று எழிலரசி சண்டைக்கு வந்தார்.)

முடிவு மூன்று: இன்று ஞாயிறு. கூட்டம் நடக்கிறது. இதை நோட்டீஸின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

"அம்மன் இப்படியே இருக்கட்டும்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்கிறார் சண்முகசுந்தரம். இரண்டு கைகள் எழுகின்றன. எழிலரசி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வேடிக்கை பார்க்க வந்த மைதிலி என்னையே முறைக்கிறாள்.

இதற்கு மேல் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா! அதனால் நிறுத்திக்கொள்கிறேன். ஆவடிப் பக்கம் வந்தால் எங்கள் கோவிலுக்கு வாருங்கள், அண்ணாந்து பாருங்கள். அங்கே அசுரனாக நான் மிதிபட்டுக் கிடந்தால், நான் நல்லவன் என்று அர்த்தம்.