ஒஷ் என்ற ஒட்டு

அரசர் கண் விழித்து மூன்று நாளாகியும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மூவாயிரம் வருஷம் உப்புச் சுரங்கத்தில் கிடந்த உடம்பு அது. ஆறு வருஷம் பாடுபட்டு, செல் செல்லாகச் சீர்ப்படுத்தி, இதயத்தைத் துடிக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தால், மனுஷர் மறுபடி படுத்துக்கொண்டு, கைகளை நெஞ்சின்மேல் குறுக்காக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சலைன் ஊசியை இரண்டு தடவை பிடுங்கி எறிந்தார். மூன்றாம் தடவை குத்துவதற்கு நரம்பு அகப்படவில்லை.

ஆய்வகத்தில் நாற்பது பேர் இருந்தும் அவரோடு பேசத் தெரிந்தவள் ஒருத்திதான். செத்துப்போன அந்த மொழியைக் கல்வெட்டுகளில் முப்பது வருஷமாகப் படித்துக்கொண்டிருப்பவள். கல்லும் கையுமாகவே அலைந்ததால் அவளுக்குக் கல்லக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே. அவளும் ஏனென்று கேட்கவில்லை. பாஷை தெரிந்த ஒரே ஆள் என்ற பெருமை மூன்று நாளைக்கு முன்புவரை அவளுக்குக் கொஞ்சம் இருந்தது. இப்போது அதுவே பாரமாகிவிட்டது.

பெரிய டாக்டர் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"நாலு மணி வரைக்கும்தான் மேடம். அதுக்குள்ள அவர் வாயில ஏதாவது போகணும். இல்லேன்னா கிட்னி போயிரும். திரும்பக் குளிர்ல வெச்சிர வேண்டியதுதான்."

"அப்புறம் எப்பவாவது எழுப்பலாமில்ல?"

"ஒருதரம்தான் முடியும். ரெண்டாந்தரம் கிடையாது."

அப்போது மணி பன்னிரண்டு. கல்லக்கா உள்ளே போனாள். கிண்ணத்தில் காய்கறி சூப் ஆவி பறந்தது. அரசருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். உதடுகள் வெடித்து ஓரங்களில் வெள்ளை பூத்திருந்தது. அவளுக்குத் தெரிந்த மரியாதையை எல்லாம் திரட்டி, அவருடைய மொழியில் சொன்னாள்:

"அரசே ஒஷ், அருந்தியருள்க ஒஷ்."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பார்வையில் கோபமில்லை. எல்லாம் தெரியும், தொந்தரவு செய்யாதே என்பது போன்ற சலிப்பு. மறுபடி மூடிக்கொண்டார்.

ஒஷ் என்பது அந்த மொழியின் மரியாதை ஒட்டு. அரசர், அரசி, குரு, தளபதி, யார் பெயர் கல்லில் வந்தாலும் பின்னால் ஒஷ் வரும். வினைச்சொல்லோடும் வரும். கண்டெடுத்த எழுநூறு கல்வெட்டுகளிலும் அப்படித்தான். அரசரிடம் பேசும்போது ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதென்று அவள் வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒரு மாதம் பயிற்சி எடுத்திருந்தாள். முதல் நாள் அவர் விழித்து, மிரண்டுபோய் எதையோ கேட்க வாயெடுத்தபோது, அவள் முந்திக்கொண்டு, "எழுந்தருள்க ஒஷ்" என்றாள். அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, "எப்போது ஆனது?" என்று மட்டும் கேட்டார். கண் விழித்ததைக் கேட்கிறார் என்று நினைத்து, "இன்று காலையில்தான் ஒஷ்" என்றாள். அதன் பிறகுதான் அவர் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டார்.

மூன்று நாளாக அந்த முகத்தை நினைத்து நினைத்து அவளுக்குத் தூக்கமில்லை. தான் எங்கோ கோட்டை விட்டிருக்கிறோம் என்று மனசு அரித்தது.

ஒன்றரை மணிக்கு நர்ஸ் அவளைக் கேண்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கல்லக்கா உட்கார்ந்திருந்தபோது மகள் போன் பண்ணினாள். விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்.

"ஏம்மா, சாப்டியா?"

"இல்லடி, பசிக்கல."

"அறிவிருக்கா உனக்கு? நீ மயங்கி விழுந்தா அந்த ராஜாவா வந்து தூக்குவாரு? ஒழுங்கா தின்னு. போட்டோ எடுத்து அனுப்பு, அப்பதான் நம்புவேன்."

போன் வைக்கப்பட்டது. பக்கத்தில் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்க அக்கா."

"பெத்த தாய்க்கிட்ட பேசற பேச்சா இது?"

"உசுரோட இருக்கறவங்களத்தானே திட்ட முடியும்? எங்கப்பா இருந்தவரைக்கும் எங்கம்மா அவர, யோவ், இந்தா மனுஷான்னுதான் கூப்பிடுவாங்க. அவர் போன பிறகு ஒரே அவர், இவர்தான். போட்டோவைப் பாத்துச் சொல்றாங்க, சாப்பிடுங்கன்னு. எங்கப்பா கேட்டிருந்தா பயந்து போயிருப்பார்."

கல்லக்கா கையில் எடுத்த ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

எழுநூறு கல்வெட்டு. எழுநூறும் எங்கே கிடைத்தன? கல்லறைகளில். ஊர் எரிந்துபோனது, ஓலையும் தோலும் எரிந்துபோயின, செத்தவர்களுக்கு நட்ட கல் மட்டும் நின்றது. உயிரோடிருந்த ஒரு ஆளைப் பார்த்து ஒஷ் என்று சொன்ன ஒரு வரிகூட யாரிடமும் இல்லை. முப்பது வருஷமாக ஒருத்தருக்கும், அவளுக்கும்தான், இது உறைக்கவில்லை. கண் விழித்த மனுஷனிடம் போய், மூன்று நாளாக, வார்த்தைக்கு வார்த்தை, நீ செத்துவிட்டாய், நீ செத்துவிட்டாய் என்று பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எப்போது என்று கேட்டவரிடம் தேதியும் சொல்லியிருக்கிறாள். செத்தவர் எதற்குச் சாப்பிட வேண்டும்?

அழுவதற்கு நேரமில்லை. உயிரோடிருக்கிறவர்களிடம் பேச அந்த மொழியில் என்ன இருந்தது?

இரண்டு மணி நேரம் லேப்டாப்பில் புரட்டினாள். கடைசியில் கிடைத்தது ஒரு பானை ஓடு. எரிந்த அடுக்களை ஒன்றின் சாம்பலிலிருந்து வந்தது. யாரோ ஆணியால் கிறுக்கியிருந்தார்கள்: "ஹெக். ஆறிப்போகுது, தின்னு." ஹெக் என்றால் ஏய். சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போன யாரோ வீட்டிலுள்ள யாருக்கோ எழுதியது. இருபது வருஷத்துக்கு முன் அவளே அதற்குக் குறிப்பு எழுதியிருந்தாள்: எழுத்தறிவு குறைந்தவரின் கிறுக்கல், மரியாதை ஒட்டு தவறுதலாக விடுபட்டுள்ளது. அவளுக்குத் தன்னையே அறையலாம் போலிருந்தது.

மணி மூன்று நாற்பது. குளிர்ப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கதவருகே நிறுத்தியிருந்தார்கள். பெரிய டாக்டர் அவள் கையைப் பிடித்தார்.

"பேசுங்க. ஆனா எத்தனை வருஷம் ஆச்சு, யார் யார் போயிட்டாங்கன்னு எதுவும் இப்ப வேணாம். அந்த இதயம் தாங்காது."

அவள் தலையாட்டினாள். அரசரை ஏய் என்று கூப்பிடப் போகிறாள். நினைப்பு தப்பாக இருந்தால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார், அதோடு எல்லாம் முடிந்தது. மறுபடி சூடாக்கிய சூப் கிண்ணத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, மகள் தன்னிடம் பேசின அதே குரலில் சொன்னாள்:

"ஹெக். ஆறிப்போகுது, தின்னு."

அரசர் கண் பட்டென்று திறந்தது.

"என்ன சொன்னே?"

"ஹெக். தின்னுன்னு சொன்னேன். காது கேக்கலையா?"

அவர் நெஞ்சிலிருந்த கை ஒன்று விலகியது. பிறகு மற்றது. தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார். அவருடைய வாய் கோணி, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். முதல் வாயில் புரையேறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் தலையில் கை வைத்தபடி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அரைக் கிண்ணம் குடித்து அரசர் நிமிர்ந்தார். முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"இத்தனை நாளா இங்கயா கிடக்கேன்? லெமி எங்க? நான் வராம சாப்பிட மாட்டா அவ. கூப்பிடு."

லெமி அவர் மகளின் பெயர். கல்லக்கா தயாராக வைத்திருந்த பதில்தான்: லெமி வருவாள். இரண்டே வார்த்தை. நாளைக்கோ அடுத்த வாரமோ மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயரை அவள் இதுவரை பார்த்ததெல்லாம் ஒரே ஒரு கல்லில். அப்பாவைச் சுரங்கத்தில் அடக்கம் செய்துவிட்டு அவருக்குப் பின் ஆண்டவளின் கல். முப்பது வருஷமாக விரலால் தடவி, வாய்விட்டுப் படித்துப் படித்து நாக்கில் ஊறிப்போன வரி.

"லெமி ஒஷ்," என்று ஆரம்பித்தாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா? அரசர் கிண்ணத்தை மடியில் வைத்துவிட்டார். அறையில் மானிட்டரின் சத்தம் மட்டும் வேகமாகக் கேட்டது.

"சின்ன வயசிலயா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "இல்ல. கிழவியாகி. பேரன் பேத்தியெல்லாம் எடுத்து. கல்லுல எழுதியிருக்கு."

"லெமி," என்றார் அவர். கொஞ்சம் நிறுத்தி, தட்டுத் தடுமாறி, "ஒஷ்" என்றார். அந்த ஒட்டை அவர் தன் வாயால் மகளுக்குப் போட்டது அப்போதுதான். பிறகு வாய்விட்டு அழுதார். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். நர்ஸ் குறுக்கே நின்று, "அழட்டும் டாக்டர், விடுங்க" என்றாள்.

அவர் கைகள் மறுபடி நெஞ்சுக்குப் போய்விடுமோ என்று கல்லக்கா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணி அடித்தது. கைகள் போகவில்லை. கிண்ணத்தைத் தடவி எடுத்தன. அவர் ஒரு வாய் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து அவளிடம் நீட்டினார்.

"ஹெக்," என்றார் அரசர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆறிப்போச்சு."

அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.